விழுந்த கைக்கு முதலில்

பாரிச வாயுவினால் ஒரு பக்கம் விழுந்துபோன மனிதருக்குச் சட்டை மாட்டுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்பதையும், அந்த முறையை அறியாதவன் பெற்ற பிள்ளையே ஆனாலும் பெற்றவளை நோகச் செய்துவிடுவான் என்பதையும், நான் என்னுடைய 58-ஆவது வயதில், என் தாயாரின் கட்டிலருகே கையைப் பிசைந்துகொண்டு நின்ற ஒரு காலை வேளையில், எட்டாம் வகுப்புக்கு மேல் படித்திராத ஓர் அம்மாளிடம் தெரிந்துகொண்டேன். தாயாரின் வலக்கை அசைவற்றுக் கிடந்தது. சுலபமானதை முதலில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் நான் ரவிக்கையை நல்ல கையில் நுழைத்துவிட்டேன். மிச்சத் துணியை வலப் பக்கமாக இழுக்க இழுக்க, அது எட்டாமல் போய், தோள்மூட்டுப் பிசகிவிடுமோ என்று அஞ்சும்படியாகத் தாயாரின் முகம் சுருங்கிற்று. அன்றுதான் வேலைக்கு வந்து சேர்ந்திருந்த அந்த அம்மாள், கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அருகே வந்தார்.

"விழுந்த கைக்குத்தான் சார் முதல்ல போடணும். நல்ல கை வளைஞ்சு குடுக்கும், இது குடுக்காது. கழட்டுறப்போ நல்ல கை முதல்ல, விழுந்த கை கடைசி."

சொல்லி முடிப்பதற்குள் ரவிக்கை மாட்டியாகிவிட்டது.

பதினான்கு மாத காலம் அவர் எங்கள் வீட்டில் இருந்தார். முதியோரைப் பராமரிக்கும் இந்தத் தொழிலில் இறங்கியவர்களுக்கு அதனால் விளையும் பலன் யாது என்று எவரேனும் கேட்டால், எனக்கு அந்தப் பதினான்கு மாதங்களே நினைவுக்கு வருகின்றன.

இந்தத் தொழிலுக்கு நம் பாஷையில் இன்னும் நிலையான ஒரு பெயர் அமையவில்லை. ஆயா என்கிறோம், அட்டெண்டர் என்கிறோம், நர்ஸ் படிப்புப் படியாதவரையும் ஹோம் நர்ஸ் என்கிறோம், இவை எதுவும் வாயில் வராதபோது 'பாட்டியைப் பார்த்துக்கிறவங்க' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். ஏஜென்ஸிக்காரர்களின் பேச்சிலோ அது வெறும் 'டியூட்டி'தான்: 12 மணி டியூட்டி, 24 மணி டியூட்டி. பெயர் நிலைபெறாத தொழிலுக்கு மரியாதையும் நிலைபெறுவதில்லை போலும். ஆயினும் ஒரு சொல்லை மட்டும் எல்லோரும் அதன்மீது தாராளமாகச் சொரிகிறார்கள். அது 'புண்ணியம்' என்ற சொல். 'உனக்குக் கோடிப் புண்ணியம் அம்மா' என்று பக்கத்து வீட்டார் சொல்லுவார்கள், ஆப்பிள் பையோடு பார்க்கவந்த உறவினர் சொல்லுவார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். சம்பளத்தைச் சற்று உயர்த்தித் தரவேண்டும் என்று அவர் கேட்ட தினத்தில் அந்தச் சொல் என் வாயில் வழக்கத்தைவிடச் சரளமாக வந்தது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். ஆகவே புண்ணியத்தை மறுமைக்கே விட்டுவிட்டு, இம்மையில், பிரத்தியட்சமாக, இந்த வேலை செய்கிறவருக்கு வந்து சேர்வது என்னவென்று பார்ப்பதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலத்தின் போக்கை முதலில் சிறிது சொல்லவேண்டும். தேசம் சுதந்திரம் அடைந்த சமயத்தில், சிசு மரணங்கள் மலிந்திருந்த காரணத்தால், இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வயதாகவே இருந்தது. இன்று அது 70-ஐ ஒட்டி வந்துவிட்டது. 1951-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் 60 வயது கடந்தவர்கள் சுமார் 2 கோடி. 2011-இல் அவர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருஷம் ஏறக்குறைய 75 லட்சம் பேர், அதாவது பத்துப் பேருக்கு ஒருவர். வீட்டிலோ பிள்ளைகள் இரண்டு, அல்லது ஒன்று. அவர்களும் பெங்களூரிலோ டல்லாஸிலோ இருக்கிறார்கள். 'அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பம் பார்த்துக்கொண்டது' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குடும்பம் பார்த்துக்கொள்ளவில்லை, குடும்பத்திலிருந்த ஒரு மருமகளோ, தாலியறுத்துத் திரும்பிவந்த ஒரு மகளோ பார்த்துக்கொண்டாள். மலசலம் எடுத்த ஆண்பிள்ளையை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. அன்று கூலியும் கணக்கும் இல்லாமல் நடந்த சுசுரூஷை இன்று கூலிக்கு நடக்கிறது என்பதுதான் மாறுதல். இதில் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரையில் ஜீவனாம்சம் வாங்கித் தருவதற்கு 2007-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று வழி செய்திருக்கிறது. நல்ல சட்டந்தான். ஆனால் பணத்தைச் சட்டம் வசூலித்துத் தரலாம். நள்ளிரவு 2 மணிக்கு எழுந்து, படுத்த படுக்கையாயிருப்பவரைப் பக்கம் மாற்றிக் கிடத்தும் கையை எந்தச் சட்டமும் வசூலித்துத் தர முடியாது. சென்னை நகரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பூர்வ பெருமை உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1978-இல், அரசு பொது மருத்துவமனையில், டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்றே தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார்; தேசத்திலேயே அது முதலாவது. அதே வருஷத்தில் சாவித்திரி வைத்தி அம்மையார், ஆதரவற்ற முதிய பெண்களுக்காக 'விச்ராந்தி' இல்லத்தை ஸ்தாபித்தார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்குப் பட்டமேற்படிப்பே வந்துவிட்டது. வைத்தியர் இவ்விதம் தயாராகிவிட்டார். ஆனால் வைத்தியர் கட்டிலருகே நிற்பது பத்து நிமிஷம். மிச்சமுள்ள நேரமெல்லாம் அங்கே இருக்கிறவர் எப்படித் தயாராகிறார் என்பதைப்பற்றி நாம் வெகு காலம் கவலைப்படவில்லை.

என் தாயார் ஒரு மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது, முதுகின் அடியில், வாலெலும்புக்கு மேலாக, பத்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு ஒரு புண்ணோடு திரும்பினாள். படுக்கைப் புண் எங்கிருந்தோ வந்து தொற்றுகிற வியாதியன்று. மெத்தைக்கும் எலும்புக்கும் நடுவே அகப்பட்ட சதையில், தேகத்தின் பாரத்தினாலேயே ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அது மெல்ல மெல்ல உயிரிழந்து போவதால் உண்டாவது அது. திடமாக இருக்கிற நாம் ஓர் இரவில் எத்தனை முறை புரண்டு படுக்கிறோம் என்பதை நாமே அறியோம். புரள முடியாதவருக்காக இன்னொருவர் விழித்திருந்து அந்தக் காரியத்தைச் செய்யவேண்டியிருக்கிறது. இரண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றவேண்டும். மாற்றும்போது தரதரவென்று இழுத்தால் தோல் உரிந்துவிடுமாகையால், இடுப்புக்கடியில் குறுக்காக விரித்த துணியைப் பிடித்துத் தூக்கியே நகர்த்தவேண்டும். முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்து அரைச் சாய்வாகக் கிடத்தவேண்டும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக் காலுக்கடியில் ஒன்று என்று தலையணைகளை அமைக்கவேண்டும். தோல் எங்கேனும் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும். அழுத்திய இடம் வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பாதகமில்லை, வெளுக்காமலே சிவப்பாக நின்றால் ஆபத்து அங்கே ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது பாசத்தினால் செய்யும் பிழை. நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

"ஏர் பெட்தான் வாங்கியாச்சே, இனிமேல் இவ்வளவு புரட்ட வேண்டியதில்லையே?" என்று ஒருநாள் கேட்டேன். கட்டிலின் காலடியில் அதன் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

"அது அதோட வேலையப் பாக்கட்டும் சார். நான் என் வேலையப் பாக்குறேன்."

தம் வேலையின் எல்லையும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் நர்ஸ் வந்து புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுவார். இவர் கட்டின்மீது கை வைக்கமாட்டார். ஊசி போடச் சொன்னால் போடமாட்டார். அதற்குப் பதிலாக ஓர் அறுபது பக்க நோட்டு வாங்கித் தரச் சொன்னார். அதில் மணிக்கணக்காக, கொட்டை கொட்டையான எழுத்தில், 'இ' என்றும் 'வ' என்றும் இடப்பக்கம் வலப்பக்கம் குறித்துக்கொண்டு வந்தார். வலப் பக்கம் உணர்ச்சி குன்றிய பக்கமாகையால் அந்தப் பக்கத்தில் கிடத்தும் நேரத்தை மட்டும் குறைத்து வைத்திருந்தார். இடையிடையே, 'கஞ்சி முக்கா டம்ளர்', 'இருமல் இல்லை', 'மூத்திரம் கலங்கல்' என்ற குறிப்புகள்.

ஐந்தாம் வாரம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். அரை நாளாகத் தாயாருக்குக் காய்ச்சல். அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் நின்று, "இதை யார் எழுதினது?" என்று கேட்டார். அந்த அம்மாள் கதவோரத்தில், ஏதோ தப்பு நேர்ந்துவிட்டது என்று எண்ணியவர்போல் நின்றார். "காய்ச்சல் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கலங்கல்னு எழுதியிருக்கீங்க. இதைத்தான் நான் கேட்க நினைச்சேன். உட்காருங்கம்மா" என்று டாக்டர் தமக்குப் போட்டிருந்த நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. ஆனால் அதன் பிறகு டாக்டர் கேட்ட கேள்விகளெல்லாம் அவரை நோக்கியே இருந்தன. சிறுநீர்த் தாரையில் தொற்று என்று தீர்மானமாகி மருந்து எழுதும்வரையில், வீட்டு எஜமானனாகிய நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் ஒரு விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டு, தாயாரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் படர்ந்திருந்ததைக் காட்டினார். நாற்று வேர்பிடித்த வயலைக் காட்டும் குடியானவனுடைய முகம் எனக்கு நினைவு வந்தது. "மூடிடுச்சு சார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தச்சனுக்கும் நெசவாளிக்கும் தங்கள் கைவேலை முடிந்து நிற்கிறபோது உண்டாகும் சந்தோஷத்தை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம்; நெடுங்காலமாக அதைக் கலை என்கிறோம். ஜீவனுள்ள ஒரு தேகத்தில், அதுவும் இறங்குமுகமாகவே செல்லும் ஒரு தேகத்தில், தன் கைவேலையால் ஓர் இடம் சரியாயிற்று என்று காண்பவருடைய சந்தோஷத்தைக் கருணை, தியாகம், புண்ணியம் என்று சொல்லிக் குறுக்கிவிடுகிறோம். அது கருணையாகவும் இருக்கலாம். முதலாவதாக அது தேர்ச்சி.

வலப்பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் கூடவே போய்விடுவதுண்டு. மூளையின் இடப் பாகத்தில், பெரும்பாலோருக்குப் பாஷையின் ஸ்தானம் இருப்பதே அதற்குக் காரணம். யோசித்துச் சொல்லவேண்டிய வாக்கியம் வராது. ஆனால் யோசியாமல் தாமாக வரும் வசைச் சொற்களும், பழகிய பாட்டும், ஒன்று இரண்டு என்ற எண்ணிக்கையும் சிலருக்கு மிஞ்சியிருக்கும். என் தாயார் நாலு மாதம் 'ம்' என்ற ஒலியோடு இருந்தவள், ஒருநாள் கஞ்சி கொஞ்சம் சூடாக உதட்டில் பட்டதும், ஸ்பஷ்டமாக, "போடீ!" என்றாள். அந்த அம்மாள் கிண்ணத்தோடு சமையலறைக்கு ஓடிவந்து, "பாட்டி என்னைத் திட்டிட்டாங்க, பாட்டி என்னைத் திட்டிட்டாங்க!" என்று வீட்டிலுள்ள அத்தனை பேரையும் அழைத்தார். வேலைக்காரர்கள் தம்மை எஜமானி திட்டியதற்காக இப்படிக் குதூகலம் அடைந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நன்றி கிடைக்கவே வழியில்லாத இடங்களும் இந்தத் தொழிலில் உண்டு. எங்களிடம் வருமுன் அவர் தாம்பரம் பக்கத்தில் ஒரு பெரியவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஞாபகம் முற்றிலும் கலைந்துபோனவர். ஜெர்மானிய வைத்தியரான ஆலோய்ஸ் அல்ஸைமர் 1906-ஆம் வருஷம் ஒரு வைத்தியர் கூட்டத்தில் விவரித்து, பின்னர் அவர் பெயராலேயே வழங்கலான வியாதி அது. வெயில் இறங்குகிற வேளையில் இவ்வித நோயாளிகளுக்கு மனக்கலக்கம் அதிகரிப்பது சகஜம். அந்தப் பெரியவரும் சாயங்காலம் ஆனதும், குடையைத் தேடி எடுத்துக்கொண்டு, 'பள்ளிக்கூடம் திறந்திருக்கு, போகணும்' என்று வாசற்கதவைப் பிடித்து உலுக்குவாராம். 'ரிட்டையர் ஆகி இருபது வருஷம் ஆச்சு அப்பா' என்று பிள்ளை உண்மையை எடுத்துச் சொல்லச் சொல்ல ஆத்திரம் மிகுமாம். இந்த அம்மாள் உண்மையோடு மல்லுக்கு நிற்கவில்லை. "அய்யா, மொதல்ல பேரு கூப்பிட்டுடுங்க" என்று ஒரு பழைய டைரியைக் கையில் கொடுத்து எதிரே உட்காருவாராம். அவர் அறுபது வருஷத்துக்கு முந்திய மாணவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட, இவர் ஒவ்வொன்றுக்கும் 'உள்ளேன் அய்யா' என்று சொல்ல, இருட்டியபின் குடை தானாகவே மூலைக்குப் போய்விடுமாம்.

"கடைசி வரைக்கும் அவருக்கு உங்களைத் தெரிந்ததா?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். ஒருநாள் தங்கச்சிம்பாரு, ஒருநாள் அம்மாம்பாரு. என்னை யாருன்னு நெனச்சாரோ. ஆனா நான் பக்கத்துல இருந்தா பயப்படமாட்டாரு."

கிருதக்ஞதையை எதிர்பார்த்து இதில் இறங்கியவர்கள் வெகுநாள் தங்குவதில்லை. 1839-இல், பிரான்சு தேசத்துப் பிரித்தானிப் பகுதியில், ழான் ழுகான் என்ற ஏழைப் பெண்மணி கண்தெரியாத ஒரு கிழவியைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்து, தம் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரணில் படுத்துக்கொண்டார். முதியோருக்கென்றே இன்று பல தேசங்களில் இல்லங்கள் நடத்துகிற, சென்னையிலும் ஓர் இல்லம் வைத்திருக்கிற, ஒரு கன்னியர் சபை அந்தக் கட்டிலிலிருந்து வளர்ந்தது. ஆனால் சபை வளர்ந்ததும் அவரை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். வாழ்வின் கடைசி இருபத்தேழு வருஷம் அவர் இளம் கன்னியரோடு கன்னியராக இருந்தார். தங்கள் நடுவே இருக்கும் மூதாட்டிதான் சபையை ஸ்தாபித்தவர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. 2009-இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அவர் இறந்து நூற்று முப்பது வருஷம் தாமதம். அதைப்பற்றி அவர் கவலைப்பட்டிருப்பார் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதைச் சொல்லுகையில், சம்பளத்தையும் அவ்விதமே தாமதிக்கலாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் திண்டிவனத்துக்கு அருகிலிருந்து வந்தவர், கணவர் இல்லை, ஒரே மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். ஏஜென்ஸி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தது. 'என் காசுல என் பொண்ணு படிக்கிறா' என்று அவர் சொல்லும்போது 'என்' என்ற சொல் ஒவ்வொரு தடவையும் அழுத்தமாக விழும். முப்பது வயது வரை புருஷன் கொடுத்ததையும், பிறகு அண்ணன் கொடுத்ததையும் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சொல்லின் கனம் எவ்வளவு என்பதை நாம் அனுமானிக்கத்தான் முடியும். அவ்வளவு நல்ல மனுஷியை நாங்கள் எப்படி நடத்தினோம்? முதல் நாற்பது நாட்கள் ஒருநாள் கூட விடுமுறை கொடுக்கவில்லை. 'அவங்களே கேட்கலையே' என்று என் மனைவியிடம் சொன்னேன். நாற்பத்தோராம் நாள், பட்டப்பகலில், கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றவாக்கிலேயே உறங்கிவிட்டார். அதன் பிறகுதான் வாரத்துக்கு ஒருநாள் வேறொருவரை ஏற்பாடு செய்தேன். அந்த ஒருநாளிலும் மத்தியானம் போன் செய்து, "பாட்டிக்கு இடப்பக்கம் மாத்தியாச்சா?" என்று கேட்பார். முறையான பயிற்சி தரும் வகுப்புகள் இப்பொழுது வந்திருக்கின்றன. ஹோம் ஹெல்த் எய்ட் என்ற பெயரில் சான்றிதழும் தருகிறார்கள். வேளாவேளைக்கு ஓய்வும், படுக்க ஓர் இடமும், தட்டிலே மற்றவர்களுக்கு வைத்ததே தமக்கும் என்ற மரியாதையும் கொடுக்கும் பொறுப்பு வீட்டுக்காரர்களுடையது. முதுகு ஒடிந்த மனிதருக்கு எந்த வேலையிலும் சந்தோஷம் இராது.

தாயார் மார்கழி மாதத்தில், விடியுமுன் காலமானாள். நான் எழுந்து வந்தபோது அந்த அம்மாள் அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நோட்டில் கடைசி வரி, '4.00 இ' என்று இருந்தது. பிறகு உறவினர் வந்தார்கள். அவரவர் முறைக்கேற்ப அழுதார்கள். வாய்க்கரிசிக்கு யார் யார் என்று கணக்கெடுத்தார்கள். பதினான்கு மாதம் அந்தத் தேகத்தை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்தவருக்கு அந்தக் கணக்கில் ஒரு முறையும் இல்லை. பின்கட்டில் நின்று அழுதுவிட்டு, எல்லோரும் மயானத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவர் ஏர் பெட்டின் மோட்டாரை நிறுத்தி, காற்றை இறக்கி, துடைத்துச் சுருட்டி வைத்திருந்தார். திரும்பி வந்தபோது வீடு அவ்வளவு நிசப்தமாக இருப்பானேன் என்று எனக்குச் சிறிது நேரம் விளங்கவில்லை.

இந்தத் தொழிலில் ஆள் போன அன்றே வேலையும் போய்விடுகிறது. காரியம் வரையிலாவது இருந்துவிட்டுப் போகும்படி என் மனைவி கேட்டுக்கொண்டாள், சரி என்றார். மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவருக்கு ஏஜென்ஸியிலிருந்து போன் வந்தது. பல்லாவரத்தில் ஒரு தாத்தா, எண்பது வயது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாராம். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி டியூட்டி என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போனது எனக்கும் கேட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாள் கேட்டார்:

"எந்தக் கை விழுந்திருக்கு?"